மாரிக்கனி பழக்கிய பூனை

மாடி அறைச் சாவி மாரிக்கனியிடம் இருந்தது. வாங்கப் போனபோது அவர் அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒங்க சித்தி எதுக்கு ஒங்கள இங்கன அனுப்பிருக்காவ?"

"மாடி ரூம் சும்மாதான கெடக்குன்னு சொன்னாங்க."

"இம்புட்டு நாளும் சும்மாதான் கெடந்துச்சு. இப்ப என்ன திடீர்னு?"

குனிந்தேன். அவர் காலடியில் மஞ்சள் பட்டை போட்ட தடித்த ஆண் பூனை ஒன்று உட்கார்ந்து, அதே கேள்வியை அதுவும் கேட்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இன்னொன்று தலையை மட்டும் நீட்டியது.

"இவன் தாசில்தாரு. அவ இவன் தங்கச்சி, மைனா."

"தாசில்தாரா?"

"கூப்பிட்டா வரமாட்டான். நாமதான் அவன்கிட்ட நடையா நடக்கணும்." சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்து ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது.

அவர் சந்தேகப்பட்டது சரிதான். சித்தி என்னை அனுப்பியது வேவு பார்க்க.

ஜெயபாய் சித்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்புறமுள்ள இந்தக் காம்பவுண்டு சித்தப்பா விட்டுப்போனது. முன்பக்கம் ஒரு தகர ஷெட்டு. அதில் பீர் மைதீன் பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டிப் பாக்கெட் போடும் தொழில் நடத்துகிறார். பின்பக்கம் குளியலறையோடு சேர்ந்த ஒற்றை அறையில் மாரிக்கனி. மேலே ஒரு அறை, பூட்டியே கிடந்தது. நான் சில வருடங்கள் ஊர் ஊராக, பிறகு நாடு நாடாக அலைந்துவிட்டுத் திரும்பி, ஒரே வீட்டில் உட்கார முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது சித்தி அழைத்தாள்.

"மாடியில போய் இரு. யாரும் ஒன்ன எதுவும் கேக்க மாட்டாக. ஆனா ஒரு வேல இருக்கு."

"என்ன வேல?"

"அந்த மாரிக்கனி வளக்குற பூனை பாயோட துணில அசிங்கம் பண்ணுதாம். பாய் சொல்லுதாரு. எம் பூனை அப்படிப் பண்ணவே பண்ணாதுன்னு அவ சத்தியம் பண்ணுதா. ரெண்டுல ஒருத்தர் பொய் சொல்லணும்லா? யாருன்னு பாத்துச் சொல்லு."

"பாத்துச் சொன்னா?"

"பூனைதான்னா அவ ரூமக் காலி பண்ணட்டும். பாய் குடோனுக்கு எடம் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்குக் குடுத்துருவேன். இல்ல, பூனைகளக் கொண்டு போய் எங்கயாவது விட்டுட்டு அவ இருக்கட்டும். ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு நானே வாரேன். அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

"அவங்களுக்கு வேற வீடு கெடைக்காதா?"

"தனிப் பொம்பள, ஷிப்ட் வேல, ரெண்டு பூனை. நீயா இருந்தா குடுப்பியாட்டி?"

ராஜபாளையத்தில் நாய் வளர்த்தால் ஒரு மரியாதை உண்டு. நாயின் அப்பன், தாத்தன், எந்த வீட்டுக் குட்டி என்பதுவரை விசாரிப்பார்கள். பூனை வளர்ப்பதாகச் சொன்னால், வீட்டில் எலி அதிகமோ என்று கேட்பதோடு சரி. மாரிக்கனிக்காகப் பரிந்து பேச அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

மேலே இருந்து பார்த்தால் முற்றம் முழுக்கத் தெரியும். போன வருடம்தான் சித்தி அதற்கு இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை சிமெண்டு பூசியிருந்தாள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மாரிக்கனியைப் பார்த்தேன். அவர் கீழிருந்து, நான் பார்ப்பதைப் பார்த்தார்.

இவ்வளவு சந்தேகப்படும் ஒருவரை நான் வேறு எங்கும் கண்டதில்லை. பால்காரர் ஊற்றியதும் செம்பை முகர்வார். காய்கறி வண்டி வந்தால் தராசைத் தூக்கித் திருப்பி அடியைப் பார்த்த பிறகுதான் கத்தரிக்காயைப் பொறுக்குவார். பஸ் வருகிறது என்று யாராவது சொன்னால், "கண்ணால பாத்தியளா, இல்ல சத்தத்த வச்சுச் சொல்லுதியளா?" என்பார். போனில் பேசுகிறவர் முதலில் தன் பெயரையும் பிறகு தன் அப்பா பெயரையும் சொல்லியாக வேண்டும்.

ஷெட்டில் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்த நூர்னிசா, பீர் மைதீனின் மனைவி, எனக்கு அதன் காரணத்தைச் சொன்னார். மாரிக்கனி வத்திராயிருப்புப் பக்கம் பிறந்தவர். தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, அடுத்த வாரம் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில்தான் மாரிக்கனிக்குத் தெரிந்தது. அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. ராஜபாளையத்துக்கு வந்து ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்தார். ஓடுகிற மிஷின் ஓரமாக நடந்துகொண்டே, எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று பார்த்து ஒட்டுகிற வேலை. நன்றாக ஓடுகிற நூலை அவர் பார்ப்பதே கிடையாது. அறுந்ததைத் தேடித் தேடியே அந்தக் கண்களுக்கு வயதாகிவிட்டது.

"யாரையும் நம்பாது அந்த அக்கா," என்றார் நூர்னிசா. "அந்தப் பூனைக ரெண்டத் தவுத்து. மில்லு பஞ்சு குடோன்ல, பேலு மூட்டைக்குப் பின்னால கெடந்த குட்டிக. தாய் செத்துப்போச்சு. சோத்துப் பையில வச்சுத் தூக்கிட்டு வந்துச்சு."

"ஒங்களுக்கு அந்தப் பூனைக மேல கோவம் இல்லையா?"

"பூனை மேல என்னத்துக்குக் கோவம்? பூனைய வெரட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்க வீட்டுல வளத்தாக. துணி கெட்டுப்போவுதுலா, அதான். ஆசுபத்திரிக்குப் போற துணி இது. ஒரு துண்டுல வாடை இருந்துச்சுன்னா மொத்தத்தையும் திருப்பி எறிஞ்சிருவான் வாங்குறவன்."

இவ்வளவு நல்லபடியாகப் பேசுகிறாரே என்று எனக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. அன்று சாயங்காலம் பீர் மைதீன் டேப்பை எடுத்துக்கொண்டு போய் மாரிக்கனியின் பின்சுவரை அளந்துகொண்டிருந்ததையும் பார்த்தேன். மாரிக்கனி ஷிப்டுக்குப் போயிருந்தார். என்னைக் கண்டதும் பாய் டேப்பைச் சுருக்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சும்மா பாத்தேன் பாப்பா," என்றார்.

துணி கெட்டுப்போவதெல்லாம் மாரிக்கனி ஷிப்டுக்குப் போகிற நாட்களில்தான். அவருக்கு லீவு விடுகிற நாளில் ஒருபோதும் கிடையாது. இதை இரண்டு பக்கமும் என்னிடம் சொன்னார்கள். "அவிய இல்லாதப்பத்தான் பூனை வருது, பாத்துக்கோங்க," என்றார் பீர் மைதீன். "நான் இல்லாதப்பத்தான் அவரு செய்யுதாரு, பாத்துக்கோங்க," என்றார் மாரிக்கனி. ஒரே சாட்சி இரண்டு பக்கத்துக்கும் கூண்டேறியது. நான் யாரைத்தான் நம்புவது?

அடுத்த நாள் காலையில் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. குப்பை வண்டியோடு வந்த வெள்ளத்தாய், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் என்னைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க காம்பவுண்டுல யாருக்கும்மா ஆறாத புண்ணு?"

"புண்ணா? யாருக்கும் இல்லையே."

"பொறவு தெனமும் ஒரு பை பேண்டேஜு எப்படி வருது? அந்த மில்லுக்காரம்மாதான் முடிச்சுப் போட்டுக் கொண்டாந்து போடுது. ஒரு தடவ முடிச்சு அவுந்துருச்சு. மஞ்சளாக் கெடக்கு, ஒரே வாடை. நமக்கென்னன்னு நானும் கேக்கல."

வண்டி நகர்ந்த பிறகு மாரிக்கனியின் அறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போதும் சாத்திய ஜன்னல். வாசலைத் தாண்டி யாரையும் உள்ளே விடாத பெண். தினமும் ஒரு பை பேண்டேஜ். ஷெட்டிலிருந்து துணியைத் திருடுகிறார், அது நிச்சயம். யாருக்காக? உள்ளே யாரோ இருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து ஒருவர், கடைசிக் காலத்தில், உடம்பெல்லாம் புண்ணோடு, சொன்ன வாரத்துக்கு முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். மத்தியானத்துக்குள் எனக்கு அந்த மனிதரின் இருமல்கூடக் கேட்கத் தொடங்கிவிட்டது.

மாரிக்கனி ஷிப்ட் முடிந்து வந்ததும் இறங்கிப் போனேன்.

"அக்கா, உள்ள யார் இருக்காங்க?"

"உள்ளயா?"

"ஒடம்பு சரியில்லாதவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நான் சித்திகிட்ட சொல்ல மாட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு சொன்னா?"

"தெனமும் பேண்டேஜ் வெளிய போகுதே."

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம். பிறகு அது என்னவோ ஆகி, உதட்டை மடித்துக்கொண்டார். கதவை அகலத் திறந்துவிட்டார். "வாங்க. எந் நோயாளியக் காட்டுதேன்."

அறைக்குள் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கம்பியில் தொங்கும் இரண்டு சேலை. கட்டிலில் மைனா தூங்கிக்கொண்டிருந்தது. வேறு ஒருவரும் இல்லை. குளியலறை மூலையில் விளிம்பு உடைந்த நீல பிளாஸ்டிக் டப் ஒன்று இருந்தது. அதில் பாதிவரை வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் துணித் துண்டுகள்.

"இதான் அதுக கக்கூசு," என்றார் மாரிக்கனி. "மோந்து பாருங்க, வாடை வருதான்னு. காலையில புதுசு போட்டேன், செத்த நேரத்துக்கு முன்ன அள்ளுனேன்."

நான் முகர்ந்து பார்க்காமலே ஒப்புக்கொண்டேன்.

"திருடுனேன்னு நெனச்சியளா?"

"இல்லக்கா."

"நெனச்சிய. மூஞ்சிலயே இருக்கு. பாயே குடுத்ததுதான், டப்பும் சேத்து. போய்க் கேட்டுட்டு வாங்க. நான் சொன்னதயே நம்பாண்டாம்."

நான் போய்க் கேட்டேன். அவர் வாசலில் நின்று நான் கேட்பதைக் கவனித்தார். "ஆமா பாப்பா, வெட்டுனதுல மிஞ்சுத கழிவு. உடைஞ்ச டப்புல போட்டு நாந்தான் குடுத்தேன், அப்பப்ப ஒரு பையும் குடுப்பேன்," என்றார் பீர் மைதீன். திரும்பி வந்தபோது மாரிக்கனி ஒரு டம்ளர் டீயை என் கையில் வைத்தார். அன்றுதான் அவர் பூனைகளைப் பழக்கிய கதையைச் சொன்னார்.

முற்றம் மண்ணாக இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. வேப்பமரத்தடியில் குழி பறித்துப் போய்விட்டு, மூடிவிட்டு வந்துவிடும். சித்தி மரத்தை வெட்டிச் சிமெண்டு போட்டதும் பூனைகள் திண்டாடிப் போயின. தாசில்தார் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு சிமெண்டைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வந்துவிட்டதாம்.

"பேப்பர விரிச்சேன், அது மேல படுத்துக்கிட்டான். அடுத்த தெருவுல வீடு கட்டுதான்னு ஒரு சட்டி மணல் அள்ளப் போனேன். அந்த மேஸ்திரி என்னமோ நான் மாடி கட்ட அள்ளுத மாதிரி வெரட்டுதான். மரத்தூள் போட்டுப் பாத்தேன், மைனாவுக்குத் தும்மல் நிக்கல. பொறவுதான் பாய் இந்தத் துண்டுகளக் குடுத்தாரு. ஈரத்த அப்படியே இழுத்துக்கும். வாடையும் கம்மி."

"நான் இருந்த ஊர்கள்ல இதுக்குன்னே மணல் கடையில விப்பாங்க."

"மண்ணயா? கடையிலயா?" என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சும்மா சொல்லாதிய."

பழக்கிய விதத்தை அவர் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. சோறு தின்றதும் தூக்கிக்கொண்டு போய் டப்பில் விடுவது. முன்னங்காலைப் பிடித்துத் துணியை மெல்லப் பறித்துக் காட்டுவது. இறங்கி ஓடினால் திட்டாமல் மறுபடியும் தூக்கி விடுவது. அள்ளும்போது பழைய துண்டு ஒன்றை மட்டும் அடியில் விட்டுவைப்பது, வாடையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க. போய் முடித்ததும் கழுத்தைத் தடவி ஒரு துண்டு கருவாடு. மைனா உடனே பிடித்துக்கொண்டது. தாசில்தாருக்கு நாள் பிடித்தது. ஆனால் பிடித்த பிறகு அவனைப்போல ஒழுங்கு வராதாம்.

"கட்டுலுக்கு அடியில போவான்னு நெனைக்கிய? மாட்டான். அடுப்பு மேல? மாட்டான். டப்பு அழுக்கா இருந்தா அதுலகூட ஏற மாட்டான், அம்புட்டு சுத்தம். அவனப் போயி பாய் பழி சொல்லுதாரு. எனக்குத் தெரியாதா அவருக்கு எது வேணும்னு? என் சொவர அளக்காரு. நீங்களும் பாத்தியள்லா?"

பார்த்தேன் என்று சொன்னேன். அதற்காக அவர் கண் கலங்கும் என்று எதிர்பார்க்கவில்லை. "இந்த ரூம விட்டா எனக்கு எடமில்ல பாப்பா. அதுகள விட்டுட்டு எடம் வாங்கவும் எனக்கு ஏலாது," என்றார். உடனே டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார்.

அன்றிரவு சித்தி போனில் கேட்டபோது, பாய் மேல்தான் சந்தேகமாக இருக்கிறது என்றேன்.

"டீ குடுத்தாளா?" என்றாள் சித்தி.

சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டிலிருந்து நூர்னிசாவின் கூச்சல் கேட்டது. பாய் தொழுகைக்கும் அவர் சாப்பாட்டுக்கும் போய்விட்டு வருவதற்குள் மறுபடியும் நடந்திருக்கிறது. சுருட்டுவதற்காக வெட்டிக் குவித்திருந்த துணியில் மஞ்சள் கறை. மாரிக்கனி அப்போதுதான் மில் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"வாங்க, வந்து பாருங்க ஒங்க புள்ள பண்ணுன வேலய!" என்றார் நூர்னிசா. எனக்குத் தெரிந்து அன்றுதான் அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"எம் புள்ள பண்ணுனான்னு நீ பாத்தியா?"

"பாக்கணுமாக்கும்? வாடை தெரியல?"

"வாடைய யாரு வேணும்னாலும் கொண்டாந்து ஊத்தலாம். நான் கட்டிப் போடுத பையி வாசல்லதான கெடக்கு."

பீர் மைதீன் தொப்பியைக் கழற்றினார். "என்னக்கா பேசுதிய? என் துணில நானே மூத்திரத்த ஊத்துவனா?"

"ரூம் கெடைக்கும்னா ஊத்துவிய."

"ரூம் கேட்டது நெசம். குடோன் பத்தல, கேட்டேன். பூனையச் சொல்லிக் கேக்கல."

"சொவர அளந்தது?"

"அளந்ததும் நெசம்."

இதை அவர் மறுப்பார் என்றுதான் மாரிக்கனி எதிர்பார்த்திருக்க வேண்டும். தோளில் கிடந்த சோத்துப் பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "சரி. நாளைக்கு ஜெயபாயம்மா வாராவ. அதுக்குள்ள தெரிஞ்சிரட்டும். ஷெட்டத் தொறந்து போடுங்க, நீங்க எப்பவும் வைக்குத மாதிரியே எல்லாத்தையும் வைங்க. என் ரூமும் தொறந்து கெடக்கும். நாம எல்லாரும் மாடியில நின்னு பாப்போம். அவன் எங்க போறான்னு பாப்போம். இங்க போனான்னா, நாளைக்கே நான் பொட்டியக் கட்டுதேன்."

"அக்கா, அப்படியெல்லாம் வாக்குக் குடுக்காதிய," என்றார் பீர் மைதீன்.

"ஏன், பயமா இருக்கா?"

ஷெட்டுக் கதவு திறந்தே இருந்தது. நாங்கள் நான்கு பேரும் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றோம். மேலிருந்து பார்த்தால் ஷெட்டின் உள்தரை பாதிவரை தெரியும். நூர்னிசா சுருட்டும் இடத்தில், வழக்கம்போல, வெட்டிய துணியை நிரப்பி ஒரு டப் வைத்திருந்தார்கள். மாரிக்கனி பூனைகளுக்குச் சோறு வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மில் பஞ்சு இன்னும் அவர் தலைமுடியில் ஒட்டியிருந்தது.

முதலில் மைனா தின்று முடித்தது. நேராகக் குளியலறைக்குள் போனது. செத்த நேரத்தில் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"பாத்தியளா?" என்றார் மாரிக்கனி.

பிறகு தாசில்தார் உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். மைனா போனதை யாரும் இன்னும் அள்ளவில்லை. முற்றத்தில் நின்று வாலை ஆட்டினான். சிமெண்டை ஒரு தரம் முகர்ந்தான். பிறகு அவசரமே இல்லாமல் நடந்து ஷெட்டுக்குள் நுழைந்தான். நூர்னிசா மூச்சை இழுத்துப் பிடித்தார். அவன் சாக்குக் கட்டைத் தாண்டினான். பாயின் செருப்பைத் தாண்டினான். தரையில் விரித்திருந்த சாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணி டப்பின் விளிம்பில் முன்னங்கால் வைத்து ஏறினான். மெல்லப் பறித்தான். ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்தான். முடிந்ததும் திரும்பி நின்று, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு இழுத்து மேலே போட்டு மூடினான். மூடியதை முகர்ந்து சரிபார்த்தான்.

"எப்படி மூடுதான் பாத்தியளா, ஒரு பொட்டு வெளிய தெரியாம..." என்று தொடங்கிய மாரிக்கனி அப்படியே நின்றுவிட்டார்.

கீழே ஷெட்டில் இருந்தது ஒரு நீல பிளாஸ்டிக் டப். உள்ளே பேண்டேஜ் துணி. அது விளிம்பு உடையாதது என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

தாசில்தார் வெளியே வந்து, மாடியில் நின்ற மாரிக்கனியைப் பார்த்துக் கத்தினான். போய் முடித்தால் கருவாடு தருவது வழக்கம்.

முதலில் சிரித்தது நூர்னிசாதான். வாயைச் சேலையால் பொத்திப் பார்த்தும் அடங்கவில்லை. "அல்லாவே, அவன் எந்தத் தப்பும் பண்ணலங்க. அக்கா சொல்லிக் குடுத்த எடத்துலதான் போயிருக்கான். நீங்கதான் டப்பும் குடுத்து, துணியும் குடுத்து..." என்று புருஷனைக் காட்டினார்.

"கழிவுன்னுதான குடுத்தேன்," என்றார் பீர் மைதீன்.

"கழிவுன்னு பூனைக்கு யாரு சொல்ல?"

மாரிக்கனி சிரிக்கவில்லை. படியிறங்கிப் போய், தாசில்தாருக்குக் கருவாடு கொடுத்தார். கழுத்தைத் தடவினார். பிறகு அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை வெளியே இழுத்தார். ஓடிப்போய்ப் பிடித்தது நூர்னிசா.

"என்னக்கா இது?"

"வாக்குக் குடுத்தேன்லா. சொன்னதச் செய்யாத ஆளு எம்புட்டுப் பேரு இருக்காக இந்த ஊர்ல. நானும் ஒருத்தியா?"

"பொட்டிய வைங்க மொதல்ல. ஜெயபாயம்மா வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து சித்தி வந்தாள். பஸ்ஸில் நசுங்கிய சேலையை நீவிவிட்டுக்கொண்டே முற்றத்தின் நடுவில் நின்று கேட்டாள், "என்ன, யாரு பொய் சொன்னது?"

"யாரும் சொல்லல," என்றேன்.

"அதெப்படிட்டி? துணி கெட்டது பொய்யா?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, மண்ணை மூடாமல் இருந்திருந்தால் டப்பே தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்தேன். சித்தி தன் காலடியில் கிடந்த சிமெண்டைப் பார்த்தாள்.

"அப்ப எம் மேல தப்புங்குத."

"அப்படிச் சொல்லல."

"ஏட்டி, ஒன்ன நான் என் பக்கம் இருக்கத்தான அனுப்புனேன்?" மாரிக்கனியிடம் திரும்பினாள். "நீ என்ன சொல்லுத?"

"பூனைதாம்மா," என்றார் மாரிக்கனி. "பழக்குனது நான். நான் போறேன்."

"எங்க போவ?"

பீர் மைதீன் தொண்டையைச் செருமினார். "ஜெயபாயம்மா, அவிய ரூமு எனக்கு இப்ப வேண்டாம். அவிய காலி பண்ணி நான் எடுத்தா, நாந்தான் ஊத்துனேன்னு ஆயிரும். இந்தத் தெருவுல நான் தொழில் பண்ணணும்லா. மாடி ரூமு சும்மாதான கெடக்கு, அதக் குடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அங்கே வெகுநாள் தங்கப்போவதில்லை என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இவ கெளம்புனதும் மாடிய எடுத்துக்கோங்க," என்றாள் சித்தி பாயிடம். கடைசியில், பின்சுவரோரம் பழைய வேப்பமரம் நின்ற இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். "இங்கன ஒரு கோரப்பாய் அகலத்துக்கு ஒடச்சுக்கோங்க. அதுக்கு மேல ஒரு விரக்கட ஒடைக்கக் கூடாது. ஆனா மாரிக்கனி, அது இதுல போகப் பழகலன்னா பொறவு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. இன்னொரு தடவ பாய் துணில ஒரு பொட்டு பட்டாலும், ஒண்ணு பூனை, இல்ல நீ."

"சரிம்மா."

"சரின்னா?"

"போனா நானே பொட்டியத் தூக்கிருவேன். நேத்தே தூக்கிட்டேன், இவ விடல."

சிமெண்டை உடைத்தது பீர் மைதீன். அடியில் மண் இன்னும் கறுப்பாகவே இருந்தது. மாரிக்கனி கையால் கிளறிக் கல் பொறுக்கி, முகர்ந்தும் பார்த்தார். பிறகு குளியலறை டப்பைக் கொண்டுவந்து அந்த மண்ணின் நடுவில் வைத்தார். ஷெட்டில் இருந்த நீல டப்புகளையெல்லாம் பாய் மாடிக்கு ஏற்றிவிட்டுத் துணியை மூடிபோட்ட தகர டின்னுக்கு மாற்றினார். பூனைகளின் டப்பில் தினமும் ஒரு கை துணி குறைந்தது, ஒரு கை மண் கூடியது. ஷிப்டுக்குப் போகுமுன் மாரிக்கனி அதை அள்ளிச் சுத்தம் செய்வார். மத்தியானம் அள்ளும் வேலையை நூர்னிசா எடுத்துக்கொண்டார். "லீவுன்னா அக்கா ஒடனே அள்ளிருது. அழுக்கா இருந்தாத்தான அந்தத் தொர எங்க டப்பத் தேடி வாராரு," என்பார்.

நூர்னிசா உண்மையிலேயே அள்ளினாரா என்று மாரிக்கனி சாயங்காலம் வந்ததும் குனிந்து பார்ப்பார். மாரிக்கனி அப்படிப் பார்க்கிறாரா என்று நூர்னிசா ஷெட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார். பாய் தொழுகைக்குப் போகும்போது ஷெட்டுக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை ஒரு தரம் இழுத்தும் பார்த்துவிட்டுப் போவார்.

துணி முழுக்கத் தீர்ந்து, டப்பையும் எடுத்துவிட்ட நாளில் மாரிக்கனிக்கு லீவு. என் பை கட்டியாகிவிட்டது, மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனால் அவர் என்னைப் போகவிடவில்லை. "இருங்க பாப்பா, செத்த நேரம். நீங்க பாத்துட்டுப் போகணும்," என்று வாசலில் உட்காரவைத்தார். ஷெட்டுக் கதவு வேண்டுமென்றே திறந்திருந்தது. அதுவும் மாரிக்கனி கேட்டுக்கொண்டதுதான்.

தாசில்தார் தின்று முடித்து வந்தான். டப் இருந்த இடத்தில் டப் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தான். திரும்பி ஷெட்டைப் பார்த்தான். இரண்டு எட்டு அந்தப் பக்கம் வைத்தான். மாரிக்கனியின் விரல்கள் என் தோளை அழுத்தின. நூல் அறுந்தால் ஒட்டுகிற விரல்கள், இரும்புபோல இருந்தன. அவன் நின்றான். மூக்கைத் தூக்கினான். பிறகு திரும்பி வந்து மண்ணை முகர்ந்தான். பறித்தான். இன்னும் கொஞ்சம் பறித்தான். உட்கார்ந்தான்.

பிறகு மண்ணை இழுத்து மூடினான்.

மாரிக்கனி இந்த முறை அவனைப் புகழவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஷெட்டு வாசலுக்கு நடந்தார்.

"பாய், பாத்தியள்லா?"

"பாத்தேன்க்கா."

"நூரு, நீ?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"நாளைக்கு மாத்திச் சொல்லக் கூடாது," என்றார் மாரிக்கனி. கருவாடு எடுக்க உள்ளே போகிற வழியில் குனிந்து, அந்த மண்ணைத் தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.